முன்கண்ணாடிக்குக் கருப்பு ஃபிலிமா, தெளிந்த ஃபிலிமா?

மேட்டுப்பாளையத்தில் வெயில் கண்ணாடியைச் சுடும். குன்னூரை நெருங்கும்போது எதிரே வரும் லாரி மூடுபனிக்குள் மறைந்திருக்கும். நீலகிரியில் கார் ஓட்டுபவர் இரண்டையும் ஒரே பயணத்தில் சந்திக்கிறார்.

கருப்பு ஃபிலிம் கண்கூச்சத்தைக் குறைக்கும், விலையும் குறைவு. அதற்கு மேல் அதைப் பாராட்ட எனக்கு எதுவும் இல்லை. கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மாலை மங்கும் நேரத்தில் ஒவ்வொரு துளி வெளிச்சமும் தேவை. சாலையைக் கடக்கும் காட்டெருமையின் நிறமே கருமை!

செராமிக் வகைத் தெளிந்த ஃபிலிம் பார்வையை அதிகம் மறைக்காமல், வெப்பம் தரும் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கிறது. விலை பல மடங்கு. மலையேறும் முன் சமவெளிப் பகுதியில் ஏ.சி.யின் சுமை குறையும். ஊட்டியின் குளிரில் அந்தப் பயன் சொற்பம். புற ஊதாக் கதிருக்காக மட்டும் வாங்க வேண்டியதில்லை: முன்கண்ணாடியின் இரு அடுக்குகளுக்கு நடுவிலுள்ள பிளாஸ்டிக் படலமே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது.

சட்டப்படி முன்கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளியை விட வேண்டும். கண்ணாடி 80 சதவீதமும் ஃபிலிம் 85 சதவீதமும் விட்டால், உள்ளே வருவது 80இல் 85 சதவீதம், அதாவது 68தான். ஒட்டிய பிறகு கருவியால் அளந்து காட்டச் சொல்லுங்கள். மேலும், 2012இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டவே தடை விதித்தது. பின்னர் ஃபிலிமை அனுமதிக்கும்படி விதி திருத்தப்பட்டாலும் சோதனையில் வாக்குவாதம் வரலாம்.

மலையிலேயே வசிப்பவர் என்றால் இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல வைப்பர் பிளேடும் பனிமூட்ட விளக்கும் வாங்குங்கள். கோவைக்கு அடிக்கடி இறங்குபவருக்கு மட்டும் தெளிந்த ஃபிலிம்.