ஐந்தாம் நாளும் இருபத்து நான்காம் நாளும்

விடுமுறைக்கு ஊர் வந்த அன்றே பெட்டியைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்த வலி, இடது காலின் வெளிப்புறமாக இறங்கிப் பெருவிரலில் போய் நின்றது. ஐந்தாம் நாள் ஒரு மையத்தில், தசையில் ஊசியைச் செலுத்தி அதன் மின்துடிப்புகளைப் பதிவுசெய்யும் ஈ.எம்.ஜி. பரிசோதனை செய்துகொண்டேன். கேட்ட அன்றே நேரம் கிடைத்ததும், மாலைக்குள் அறிக்கை கைக்கு வந்ததும், வெளிநாட்டில் வாரக்கணக்கில் காத்திருந்து பழகிய எனக்கு வியப்பாகவே இருந்தன. ஆனால் பக்கம் பக்கமாக எண்களைத் தந்த அந்த அறிக்கை ‘இயல்பு’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்திருந்தது. வலி எப்போது தொடங்கியது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் பகுதியான நரம்பு வேர் நசுங்கி, நரம்பின் தொடர்பை இழந்த தசை இழைகள் ஓய்விலும் தாமாகவே மின்துடிப்புகளை வெளியிடத் தொடங்க, முதுகெலும்பை ஒட்டிய தசைகளில் ஏறத்தாழ 7 முதல் 10 நாளும், கால் தசைகளில் 2 முதல் 3 வாரமும் பிடிக்கும்.

24-ஆம் நாள் வேறொரு நரம்பியல் மருத்துவர் தாமே ஊசியைச் செலுத்தினார். காலைத் தளரவிட்டதும், ஒலிபெருக்கியில் அந்த மின்துடிப்புகள், தகரக் கூரைமேல் தூறல் விழுவதைப் போலச் சீரான சொட்டொலியாகக் கேட்டன. முன்கால் தசையிலும் இடுப்பின் பக்கத் தசையிலும் அதே ஒலி. இவ்விரண்டுக்கும் வெவ்வேறு நரம்புகள் செல்கின்றன என்றாலும் இரண்டுக்கும் முதன்மையான வேர் இடுப்புப் பகுதியின் ஐந்தாம் வேரான எல்5 என்பதால், பழுது அந்த வேரில் இருக்கலாம் என்றார். முதுகுத் தசையிலும் அது கேட்டபோது சந்தேகம் வலுத்தது. அத்தசைக்கான கிளை, வேரைத் தாண்டியவுடனேயே பிரிந்துவிடுகிறது. ஆனால் முதுகுத் தசைகளில் பல வேர்களின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், எந்த வேர் என்பதைக் கால் தசைகளே சொல்ல வேண்டும்.

உணர்வு நரம்பின் அளவுகள் இம்முறையும் இயல்பாகவே இருந்தன. உணர்வு நரம்பணுக்களின் முடிச்சு நசுங்கிய இடத்துக்கு வெளியே இருப்பதால், மரத்துப்போன காலிலும் அந்த எண்கள் குறைவதில்லையாம். உணர்வு வேர் மட்டும் பாதிக்கப்பட்டால் பரிசோதனை முழுவதுமே இயல்பாக வரக்கூடும் என்பதையும் அவர் சொன்னார். அதற்காக வலி பொய்யாகிவிடாது.

இரண்டாவது அறிக்கையின் முதல் வரியே, ‘வலி தொடங்கி 24 நாள்’ என்றிருந்தது.