அப்பா படத்துக்கு மேல சீட்டுக்கட்டு இல்லாத இடம்

"ஏல மக்கா, ஒங்கப்பன் தலைக்கு மேல எவம்ல சீட்டுக்கட்டு வச்சது?" என்று அத்தை போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அப்பா குடத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கிற படம். அதற்கு மேலே, ரம்மி ஆட வா என்று ஒரு விளம்பரம் மின்னிக்கொண்டிருந்தது.

அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். நாகர்கோவில் பக்கத்துக் கோவில் கொடை விழாக்களில் யாரோ டேப்ரெக்கார்டரில் பிடித்த 11 கேசட் வீட்டில் கிடந்தது. எல்லாம் அறுபது நிமிடக் கேசட், பக்கத்துக்கு அரை மணி நேரம். முத்துப்பட்டன் கதை மட்டுமே ஆறு பக்கம் ஓடும். இதையெல்லாம் எம்பி3 ஆக்கி, கதைக் குறிப்போடு இணையத்தில் ஒரு இடத்தில் போட்டு, சொந்தக்காரங்களுக்கு லிங்க் அனுப்பணும். மாசா மாசம் காசு கட்ட முடியாது. என் தேவை அவ்வளவுதான்.

முதலில் போட்டது ஒரு இலவச ஹோஸ்டிங்கில், அதாவது நம் வலைப்பக்கத்தை வைக்க இடம் தருகிறவர்களிடம். ரம்மிக்காரனை உள்ளே விட்ட அந்த இடத்தின் பெயர் வேண்டாம். தப்பு பாதி என்னுடையது; விதிமுறையை வாசிக்காமல் சரி சரி என்று தட்டினேன். அடுத்துப் போன இடத்தில் விளம்பரம் நிஜமாகவே இல்லை. பக்கத்தைத் தயாரிக்கிற பிஎச்பி மொழி, எழுதியதைச் சேமிக்கிற மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் எல்லாம் இலவசம். ராத்திரி பூரா கதைக் குறிப்பு டைப் பண்ணிச் சேமித்துவிட்டு, காலையில் திறந்தால் சுடலைமாடன் என்ற சாமி பெயர் இருந்த இடத்தில் பத்துக் கேள்விக்குறி. எழுத்து ஆறுதானே, பத்து எப்படி என்று எண்ணிப் பார்த்தேன். காலுக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று! அங்கே டேட்டாபேஸ் பழைய லத்தீன் எழுத்து முறையில் இருந்தது, அதற்குத் தமிழ் தெரியாது. எல்லா மொழி எழுத்தும் ஏறுகிற யுடிஎஃப்8எம்பி4 முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் ஏற்கெனவே கேள்விக்குறி ஆனது ஆனதுதான், மறுபடி டைப் பண்ண வேண்டியதுதான்.

அப்புறம்தான் புத்தி வந்தது. பாட்டு கேட்கிற பக்கத்துக்கு டேட்டாபேஸ் எதற்கு? பிரவுசர் நேரடியாகத் திறக்கிற சும்மா எச்டிஎம்எல் ஃபைல் போதும். அப்படித் தேடினால் விளம்பரம் இல்லாத நல்ல இடங்கள் நிறையவே இருக்கின்றன.

பிளாகர் நம்மைக் கேட்காமல் விளம்பரம் போடாது, ஆனால் அதில் எம்பி3 ஏற்ற வழியில்லை. வேர்ட்பிரஸ் டாட் காம் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் வரும், அதோடு அதை மூடிவிட்டேன். 2013-இல் ஆரம்பித்த நியோசிட்டீஸ் பார்க்க ஆசையாக இருந்தது. 1 ஜிபி இடம் தருகிறார்கள், விளம்பரமே கிடையாது. ஆனால் காசு கட்டாத கணக்கில் எம்பி3 ஏறாது. படமும் எழுத்தும் மட்டும் என்றால் நான் அங்கேயே இருந்திருப்பேன்.

கிளவுட்ஃபிளேர் பேஜஸில் எத்தனை பேர் கேட்டாலும் கணக்கில்லை. இடித்தது வேறு இடம்: ஒரு ஃபைல் 25 எம்பிக்கு மேல் போகக்கூடாது. என்னுடைய அரை மணி நேரம், நொடிக்கு 128 கிலோபிட் (கேபிபிஎஸ்) தரத்தில் கிட்டத்தட்ட 29 எம்பி. நாலு எம்பிக்காக வாசலில் நிற்கிற நிலை. கேசட்டில் இருந்தது எப்படியும் ஒற்றை மைக் சத்தம்தான், ஸ்டீரியோ யாருக்கு வேணும்? ஒரே தடச் சத்தமாக, அதாவது மோனோவாக்கி 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கினேன். 14 எம்பி சொச்சம். பத்தி என்கிற மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கிற அந்த 'தும்' கெடவில்லை என்று ஹெட்ஃபோனில் மூன்று தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டேன்.

இப்போது இருப்பது, நிரல் எழுதுகிறவர்கள் ஃபைல் வைக்கிற கிட்ஹப்பின் பேஜஸில். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு அது பழக்கம், ஏதாவது ஆனால் கூப்பிடலாம். இதுதான் உண்மைக் காரணம். மொத்தம் 1 ஜிபி வரை வைக்கலாம். என் 22 கேசட் பக்கமும் சேர்ந்து 320 எம்பிகூட வராது. மாசம் 100 ஜிபி வரை தரவுப் போக்குவரத்து, அதாவது ஒரு கேசட் பக்கத்தை முழுசாகக் கேட்டால் ஏறக்குறைய 7,000 தடவை. அத்தனை பேர் கேட்டால் நானே கிடா வெட்டுவேன். பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான இணைப்பு, எச்டிடிபிஎஸ்ஸும் இலவசம். விளம்பரம் இல்லாமல் எப்படித் தருகிறார்கள் என்றால், மைக்ரோசாஃப்ட் 2018-இல் வாங்கிய நிறுவனம் அது; பெரிய கம்பெனிகளிடம் காசு வாங்குகிறார்கள், நமக்கு ஓரமாக ஒரு திண்ணை.

நான் மாட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டிங் மென்பொருள் ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி3 என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது; பக்கத்தில் நான் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். வீட்டு விண்டோஸில் ஜோராகப் பாடியது. ஏற்றினால் 404, அதாவது ஃபைலே இல்லை என்கிற பிழை. கிட்ஹப்புக்கு அது இரண்டும் வேறு வேறு பெயர். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இன்னொன்று கொஞ்சம் பெரிய தப்பு. இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் ஃபைல்கள் எல்லாருக்கும் தெரியும்படிதான் இருக்கும். அதே ஃபோல்டரில் குழுக்காரர்களின் போன் நம்பர் பட்டியலும் இருந்தது, அதுவும் சேர்ந்து ஏறிவிட்டது. அழித்தேன். அழித்தாலும் பழைய பிரதி கிட்ஹப் வைத்திருக்கிற மாற்ற வரலாற்றில் கிடக்கும் என்று தம்பி சொன்னபிறகு, மொத்தத்தையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து போட்டேன். கடையில் கல்லாவைத் திறந்து வைக்கிற மாதிரி. ஏற்றுவதற்கு முன்னால் ஃபோல்டரை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி போட எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லாமே சாதா ஃபைல், பென்டிரைவிலும் ஒரு பிரதி கிடக்கிறது. நாளைக்கே கிளவுட்ஃபிளேருக்கு மாற வேண்டுமென்றால் அதே ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

19 கேசட் பக்கம் ஏற்றியாயிற்று. மீதி மூன்றில் டேப் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரிக்கத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அத்தைக்குப் புது லிங்க் அனுப்பினேன். சீட்டுக்கட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. "நடுவுல ஒங்கப்பன் இருமுதான், அத ஏன்ல வெட்டாம விட்ட?" என்றுதான் கேட்டாள்.