வாழ்நாள் முழுக்க என்று சொல்லி 38,500 ரூபாய் வாங்கினார்கள், முப்பதே நாளில் நின்றுபோனது

அப்பாவின் பழைய பதிவுகளை எங்கிருந்தும் பார்க்க வீட்டில் ஒரு பெட்டி பொருத்தக் கொடுத்தது 38,500 ரூபாய். இன்று காலை 11 மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் அந்தக் கடையின் படியில் நின்றுவிட்டு இப்போதுதான் சத்துவாச்சாரிக்குத் திரும்பினேன். உள்ளே வந்து உட்காருங்கள் என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், வரிசை முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்காணிப்புக் கேமரா பொருத்துவது, கணினி விற்பது, பழுது பார்ப்பது எல்லாம் செய்கிற கடை அது. வேலூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பெயரை எழுதவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன். பெயரைவிட அவர்கள் செய்த விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இது முழுவதும் ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்திலேயே கையில் ஒரு டேப் ரெக்கார்டருடன் ஊர் ஊராகப் போனவர். குடியாத்தம், அணைக்கட்டு, ஆரணிப் பக்கம் எந்த ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தாலும் விடிய விடிய உட்கார்ந்து பதிவு செய்வார். 90 நிமிடக் கேசட் என்றால் 45 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். அதற்காகவே கண் அயராமல் இருப்பார். அந்தப் பதிவுகளைக் கேட்டால், கட்டியக்காரன் பேசிக்கொண்டிருக்கும்போதே "டக்" என்று ஒரு சத்தம் வந்து, அரை வரி தொலைந்து, மறுபடி முகவீணை எழும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த "டக்" எங்கே வரும் என்பது மனப்பாடம். பிறகு கேமரா வாங்கி அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதையும் படுகளத்தையும் படம்பிடித்தார். கூடவே என் அம்மாவின் குரல், தம்பியின் காதுகுத்து, எல்லாமாக 1.3 டெராபைட். பரணில் இருந்த கேசட்டுகளில் பூஞ்சை பிடித்ததால் தம்பி எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்தான். அதன்பின் கேசட்டுகளை எறிந்துவிட்டோம்.

நான் வேலைக்காக வாரத்தில் மூன்று நாள் காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் வருகிறேன். அப்பா பாதி மாதம் ஓசூரில் தம்பி வீட்டில் இருப்பார். வீட்டில் ஒரு பெட்டியை வைத்து, அதில் எல்லாவற்றையும் ஏற்றி, வீட்டு டிவியிலும் வெளியூரில் கைபேசியிலும் பார்க்கிற வசதி இருப்பது தெரிந்து கடையில் கேட்டேன். கணக்கு இப்படிச் சொன்னார்கள்: பெட்டி 14,000, நான்கு டெராபைட் டிஸ்க் இரண்டு 13,000, எங்கிருந்தும் பார்க்க "வாழ்நாள் உரிமம்" 9,500, பொருத்திக் கொடுக்க 4,000. பழைய டிஸ்கை எடுத்துக்கொண்டு 2,000 கழித்தார்கள். ஆக 38,500.

கடைக்காரரே வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, அப்பாவை "வாத்தியார் ஐயா" என்று அழைத்து, தன் பெரியப்பாவும் கூத்தில் வேஷம் கட்டியவர் என்றார். டிவியில் முதல் பதிவைப் போட்டார். மத்தளம் கேட்டதும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து டிவி அருகே போய் நின்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்தது. பிறகு கடைக்காரர் என் கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, "அக்கா, தெருமுனை வரை நடந்து போய்ப் பாருங்கள்" என்றார். போனேன். கைபேசியில் கூத்து ஓடியது. திரும்பி வந்தவுடன் பணத்தை அனுப்பினேன். "எல்லாம் காப்பி ஆகிவிட்டது, இரண்டு டிஸ்கிலும் ஒரே மாதிரி நகல் இருக்கிறது, ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும்" என்று சொல்லிப் பழைய டிஸ்கைக் கேட்டார். நானே எடுத்து, துடைத்து, அவர் கையில் கொடுத்தேன். அந்த ஒரு நிமிடத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரையில் 7.2 டெராபைட் இடம் இருப்பதாகக் காட்டியது. நான் மகிழ்ந்தேன். இன்று புரிகிறது, ஏமாற்று அந்த எண்ணிலேயே இருந்தது. நான்கு டெராபைட் டிஸ்க் கணினியில் ஏறத்தாழ 3.6 என்றுதான் காட்டும். ஒன்றின் நகல் இன்னொன்றில் இருந்தால் மொத்தமும் 3.6-ஆகத்தான் இருக்க வேண்டும். 7.2 என்றால் நகலே இல்லை என்று பொருள். இரண்டையும் ஒன்றாக இணைத்து, ஒவ்வொரு கோப்பையும் துண்டாக்கி இரண்டிலும் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று செத்தால் இரண்டிலும் உள்ளது போய்விடும்.

முப்பதாம் நாள், ரயில் வாலாஜா ரோடு தாண்டும்போது கைபேசியில் திறந்தேன், சந்தா கட்டச் சொன்னது. பெட்டியில் அவர் போட்டிருந்த மென்பொருளில் வெளியிலிருந்து பார்க்க 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து கட்டணம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் உரிமம் என்று 9,500 வாங்கிக்கொண்டு ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருக்கிறார், அதுவும் தன் மின்னஞ்சலில். பெட்டியே அவர் கணக்கில்தான் பதிவாகியிருந்தது. எங்கள் வீட்டுப் படங்களுக்கு அவர்தான் உரிமையாளர்!

போன் செய்தேன். முதலில் "உங்கள் நெட் பிரச்சினை, நெட் கம்பெனியைக் கேளுங்கள்" என்றார். இந்தப் பதிலில் சிக்கிக்கொள்ளாதீர்கள். பல இணைய நிறுவனங்கள் நிறைய வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கிற எண்ணை, தருவது உண்மைதான், அப்போது வெளியிலிருந்து நேராக வீட்டுப் பெட்டிக்குள் நுழைய முடியாது. ஆனால் திரையில் "சந்தா கட்டு" என்று வந்தால் அதற்கும் நெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. நான் நம்பி மூன்று நாள் நெட் கம்பெனியோடு மல்லுக்கட்டினேன். அடுத்து "பையன் வருவான்". பையன் வரவில்லை. அடுத்து "ஆடிக் கிருத்திகை கூட்டம், அடுத்த வாரம்". அதன்பின் வாட்ஸ்அப்பில் அவர் படம் மறைந்துவிட்டது. 38,500 ரூபாய் கொடுத்தவளின் எண்ணை முடக்கிவிட்டார்.

போன வெள்ளி இரவு பெட்டிக்குள் "கிட், கிட்" என்று சத்தம். காலையில் ஒன்றுமே திறக்கவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளை, பொறியியல் படிக்கிறான், டிஸ்குகளைக் கழற்றிப் பார்த்தான். ஒன்று அசையவே இல்லை. மற்றதன் உள்பதிவில் இதுவரை ஓடிய நேரம் 29,412 மணி என்று இருந்தது. மூன்று வருடம் நான்கு மாதம், இரவு பகலாக ஓடிய டிஸ்க்! எங்கோ கேமராப் பெட்டியில் உழைத்துத் தேய்ந்ததைப் புது ஸ்டிக்கர் ஒட்டி 6,500 ரூபாய்க்கு என்னிடம் தள்ளியிருக்கிறார்கள். வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டோம், உத்தரவாதம் எப்போதோ முடிந்திருந்தது. சென்னையில் தகவல் மீட்பவர்கள் 45,000 கேட்கிறார்கள், அதுவும் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல்.

இன்று கடையில் பில்லைக் காட்டினேன். "இது எஸ்டிமேட், பில் இல்லையே அக்கா" என்றார். உண்மைதான், ஜிஎஸ்டி எண் இல்லாத வெறும் தாள். 38,500-ஐ விடுங்கள், என் பழைய டிஸ்கையாவது கொடுங்கள் என்று கேட்டேன். "அது அப்போதே யாருக்கோ போய்விட்டது." தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

அவசரமாகச் சிலதை மட்டும் சொல்கிறேன். எந்த டிஸ்கானாலும் பணம் கொடுக்கும் முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஓடிய நேரத்தைப் பாருங்கள், புதியதில் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். கணக்கை உங்கள் மின்னஞ்சலில் நீங்களே தொடங்குங்கள். உரிமத்துக்குப் பணம் கேட்டால் அதே வேலையைச் செய்கிற ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போடச் சொல்லுங்கள், அதற்குக் கட்டணமே கிடையாது. வெளியிலிருந்து வர, கைபேசியையும் வீட்டுப் பெட்டியையும் இணையம் வழியே இணைக்கிற டெயில்ஸ்கேல் என்ற செயலி போதும், தனிப்பட்ட பயனுக்கு இலவசம், பொது ஐபி முகவரி இல்லாவிட்டாலும் வேலை செய்யும். எதிர்வீட்டுப் பிள்ளை இதை அரை மணி நேரத்தில் செய்து காட்டினான், ஏற்றிப் பார்க்கத்தான் எங்களிடம் ஒன்றும் இல்லை. பழைய டிஸ்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை போகிறேன். அப்பாவிடம் டிஸ்க் பழுது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஓசூரிலிருந்து தினமும் கேட்கிறார், சரியாகிவிட்டதா என்று.

வேலூரில் கடந்த இரண்டு மாதத்தில் யாராவது பழைய வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கியிருந்தால் தயவுசெய்து பாருங்கள். கறுப்பு நிறம், இரண்டு டெராபைட், பின்பக்கம் சிவப்பு நகச்சாயத்தில் "அ" என்று எழுதியிருக்கும். உள்ளே "அப்பா கூத்து" என்ற ஃபோல்டர் இருந்தால், அழித்திருந்தாலும் பரவாயில்லை, அதன்மேல் எதையும் புதிதாக ஏற்றாமல் வைத்திருங்கள். என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.