நாசிக் ஒயின் சுற்றுலா என்று பணம் வாங்கிக்கொண்டு வேறு தோட்டத்தைக் காட்டுகிறார்கள்: மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை

முலுண்ட், செம்பூர், டோம்பிவிலி பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஓர் அறிவிப்பு சுற்றிவருகிறது. ஒரே நாளில் நாசிக்கின் நான்கு திராட்சைக் கிராமங்கள், இரண்டு ஒயின் ஆலைகள், அறுவடை, திராட்சை மிதித்தல் (தொட்டியில் பழத்தைக் காலால் மிதிப்பது), மதிய உணவு என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. அதை அனுப்பும் முகவரிடம் பணம் கட்டிச் சென்றுவந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சொன்ன ஆலைகளில் ஒன்றுக்குள்கூட எங்களை அவர் அழைத்துச் செல்லவில்லை. அறுவடைப் பருவம் மார்ச் வரை நீடிக்கும் என்பதால் இன்னும் பல குடும்பங்கள் அவரிடம் பணம் கட்டக்கூடும். அதற்குள் இந்த விவரங்கள் அவர்களைச் சென்றடைய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒருவருக்கு 5,800 ரூபாய் என்று பேசினார். முலுண்ட் செக்நாக்காவிலிருந்து குளிர்சாதன டெம்போ டிராவலர், ஆலைகளின் நுழைவுக் கட்டணம், வழிகாட்டியுடன் ஒயின் சுவைக்கும் அமர்வு, உணவு ஆகிய எல்லாம் அதில் அடக்கம். முதலில் பாதித் தொகை போதும் என்றவர், பயணத்துக்குச் சில நாள் முன்பு, “சனிக்கிழமை என்பதால் ஆலையில் முழுப் பணமும் கட்டினால்தான் இடம் தருவார்கள்” என்று கூறி மீதியையும் கேட்டு வாங்கினார். பணம் சென்றது ஒரு நிறுவனத்தின் கணக்குக்கு அன்று, ஒரு தனிமனிதரின் யுபிஐ கணக்குக்கு. ரசீது கேட்டபோது பயண நாளன்று கையில் தருவதாகச் சொன்னார். அது கடைசிவரை வரவில்லை. எங்களுடன் வந்த, இருபத்தொரு வயது நிரம்பாத கல்லூரி மாணவருக்கும் சுவைத்தல் கட்டணம் உட்பட முழுத் தொகையும் வாங்கிக்கொண்டார். மகாராஷ்டிரத்தில் ஒயின் அருந்தக் குறைந்தபட்ச வயது 21. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை.

அவருடைய பயணத் திட்டம் எத்தகையது என்பதை நாசிக்கின் வரைபடமே சொல்லிவிடும். அங்கே ஆலைகள் ஒரே சாலையின் ஓரத்தில் வரிசையாக இல்லை. சூலா, யார்க் போன்றவை நகருக்கு மேற்கே கங்காபூர் அணையின் பக்கம் இருக்கின்றன. ஷான்டோன் ஆலை வடக்கே திண்டோரி வட்டத்தில் இருக்கிறது. குரோவர் ஸாம்பாவும் வாலோனேவும் தென்மேற்கே இகத்புரி வட்டத்தில், நகருக்குள் நுழைவதற்கு வெகுமுன்பே வந்துவிடுகின்றன. 2001ஆம் ஆண்டு மாநில அரசு அறிவித்த திராட்சைப் பதப்படுத்தும் கொள்கையை ஒட்டி ஒயின் ஆலைகளுக்கென உருவான தொழிற்பேட்டையான விஞ்சூர் ஒயின் பூங்காவோ கிழக்கே நிபாட் வட்டத்தில், நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மும்பையிலிருந்து நாசிக் சென்றுசேரவே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு, இந்த நான்கு திசைகளுக்கும் போய், ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்த்து, இரவு பத்து மணிக்குள் முலுண்டுக்குத் திரும்புவது எந்த ஓட்டுநராலும் ஆகாத காரியம். இப்படிப்பட்ட திட்டத்தை எழுதி அனுப்புகிறவருக்கு அதை நிறைவேற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இல்லை என்றுதான் நான் கருதுகிறேன்.

பயண நாளன்று டெம்போ டிராவலர் வரவில்லை. அதற்குப் பதிலாக வெள்ளை நம்பர் பிளேட் போட்ட இரண்டு கார்கள் வந்தன. வாடகைக்கு ஓடும் வாகனத்துக்கு மஞ்சள் பிளேட்டும் அதற்குரிய பெர்மிட்டும் வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்க அதுவே காரணமாகிவிடும். வண்டி கடைசி நேரத்தில் பழுதாகிவிட்டது என்று முகவர் தொலைபேசியில் சொன்னார். குழந்தைகளும் பெரியவர்களும் அதிகாலையிலேயே சாலையோரம் வந்து காத்திருந்த நிலையில், முழுப் பணத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டிருந்த நாங்கள் ஏறிச் செல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

நாசிக்கைத் தாண்டி, பெயர்ப் பலகை எதுவும் இல்லாத ஒரு மண்பாதையில் கார்கள் திரும்பின. அங்கிருந்த ஒரு தோட்டத்தைக் காட்டி, புகழ்பெற்ற ஓர் ஒயின் ஆலைக்குச் சொந்தமான தோட்டம் இது என்றும், இங்கே பறிக்கும் பழத்திலிருந்துதான் அவர்களுடைய சிவப்பு ஒயின் தயாராகிறது என்றும் வழிகாட்டியாக வந்த இளைஞர் விளக்கத் தொடங்கினார். தலைக்கு மேலே சட்டங்களில் படர்ந்த கொடிகளிலிருந்து நீண்ட, பச்சை நிறப் பழக் கொத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன. எங்களுடன் வந்திருந்த என் சித்தப்பா கம்பம் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் பன்னீர் திராட்சை பயிரிட்டவர். அவர் ஒரு பழத்தைக் கிள்ளி இரண்டாகப் பிளந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “ஏம்ப்பா, நம்ம ஊரு பன்னீர்லகூட விதை இருக்கும். இதுல விதையே இல்ல. பச்சையா வேற இருக்கு. இதுலருந்து எப்படிச் செவப்பு ஒயின் எடுக்குறாங்களாம்? இது கடையில கெடைக்கிற திங்கிற பழம்ப்பா” என்றார்.

அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. நாசிக் மாவட்டத்தில் விளையும் திராட்சையில் பெரும்பங்கு உண்பதற்கான ரகங்கள்தான். தாம்சன் சீட்லெஸ், சோனாகா, கறுப்பு நிறத்தில் ஷரத் சீட்லெஸ் ஆகியவை சந்தைக்கும் ஏற்றுமதிக்கும் செல்பவை. பழம் பெரிதாகவும் சதைப்பற்றோடும் விதையில்லாமலும் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வளர்க்கப்படுபவை அவை. ஒயினுக்கு வளர்க்கும் ஷிராஸ், கேபர்நே சோவிஞோன், சோவிஞோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க் ஆகியவற்றின் பழங்கள் சிறியவை, தோல் தடித்தவை, உள்ளே விதை உள்ளவை. சிவப்பு ஒயினின் நிறம் தோலிலிருந்தும், துவர்ப்பு தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகின்றன. கொடி கட்டும் முறையும் வேறு. ஒயின் தோட்டங்களில் பெரும்பாலும் கம்பங்களுக்கிடையே கிடைமட்டமாகக் கம்பி இழுத்து, கொடியை நிமிர்த்தி வேலிபோல் நிறுத்துவார்கள். பழக்கொத்து ஏறத்தாழ இடுப்புயரத்தில் காய்த்திருக்கும். உண்ணும் திராட்சையைப் பந்தலிலோ ஒய் வடிவச் சட்டத்திலோ படரவிடுவார்கள். கொத்து முகத்துக்கு நேராகவோ தலைக்கு மேலோ தொங்கும். இந்த வேறுபாடு தெரிந்தவரைத் தோட்டத்தின் வாசலிலேயே ஏமாற்ற முடியாது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சற்றுத் தள்ளி வேலை செய்துகொண்டிருந்த தோட்டக்காரப் பெரியவரிடம் மராத்தியில் கேட்டேன். பழம் நவி மும்பையின் வாஷி மொத்தச் சந்தைக்குப் போகிறது என்றும், எந்த ஒயின் ஆலையோடும் தமக்குத் தொடர்பில்லை என்றும், சனி ஞாயிறுகளில் ஆட்களை அழைத்துவந்து காட்டிக்கொள்ள முகவர் ஒரு சிறு தொகை தருகிறார் என்றும் அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. மழையும் பனியும் விலைச் சரிவும் ஆண்டுதோறும் அலைக்கழிக்கும் ஒரு பயிரை நம்பி வாழ்கிறவர் அவர். அவருடைய தோட்டத்தைக் காட்டித்தான் எங்களிடம் பொய் சொல்லப்பட்டது. திராட்சை மிதித்தல் என்று விளம்பரத்தில் இருந்ததற்கு அங்கே ஒரு பிளாஸ்டிக் தொட்டியும், கழித்துப்போட்ட பழங்களும் இருந்தன. குழந்தைகள் கழுவாத பழத்தைப் பறித்துத் தின்னத் தொடங்கியபோது அந்தப் பெரியவர்தான் ஓடிவந்து தடுத்தார். மருந்து தெளித்தபின் குறிப்பிட்ட நாள்கள் கழியாமல் பழத்தைத் தொடக்கூடாது என்று விளக்கினார். வழிகாட்டிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

அதன்பிறகு, பிற்பகலில், ஒரே ஓர் ஆலையின் வாசலில் மட்டும் கார்கள் நின்றன. எங்கள் பெயரில் எந்த முன்பதிவும் இல்லை என்று நுழைவாயிலில் இருந்தவர் பதிவேட்டைக் காட்டினார். அன்றைய சுற்றுகளுக்கான சீட்டுகள் முழுவதும் விற்றுவிட்டன. நாசிக்கின் பெரிய ஆலைகளில் குறிப்பிட்ட நேரங்களில்தான் சுற்றிக்காட்டுவார்கள் என்பதால், அறுவடைக் காலத்துச் சனிக்கிழமை பிற்பகலில் முன்பதிவின்றிப் போனால் இடம் கிடைக்காமல் போவதில் வியப்பில்லை. அந்த ஆலை ஊழியர்கள் எங்களிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். எங்கள் முகவரின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

நாங்கள் சத்தம் போட்டதும், சுவைக்கும் அமர்வு வேறோர் இடத்தில் ஏற்பாடாகியிருக்கிறது என்று கூறி, நெடுஞ்சாலையோரத் தகரக் கொட்டகை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். உலர் திராட்சையும் சாக்லேட்டும் விற்கும் கடை அது. அங்கே லேபிள் இல்லாத புட்டிகளிலிருந்து சர்க்கரைப் பாகு போன்ற சிவந்த திரவம் ஒன்றைக் காகிதக் கோப்பைகளில் ஊற்றி, வீட்டில் செய்த ஒயின் என்று கொடுத்தார்கள். புட்டி 900 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளச் சொல்லியும் வற்புறுத்தினார்கள். இதில் பண இழப்பைவிட உடல்நலக் கேடு பெரிது. முறையாக விற்கப்படும் ஒயின் புட்டியில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், ஆல்கஹால் அளவும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும், மது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். உரிமமின்றி மது தயாரித்து விற்பது 1949ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு பானத்தை, முன்பின் தெரியாத ஒருவர் ஊற்றிக் கொடுக்கும்போது யாரும் நாவில் வைக்க வேண்டாம். எங்களில் சிலருக்கு இரவு முழுவதும் வாந்தியும் தலைவலியும் இருந்தன.

இரண்டு ஓட்டுநர்களில் ஒருவர் அதே கொட்டகையில் குடித்துவிட்டு வண்டியை எடுக்க வந்தார். ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்கே இடமுண்டு. முன்னே இருந்ததோ கசாரா மலைப்பாதையின் இறக்கமும் லாரி நெரிசலும். நாங்கள் ஏற மறுத்து, நாசிக்கில் மஞ்சள் பிளேட் டாக்சிகளை எங்கள் சொந்தச் செலவில் அமர்த்திக்கொண்டு திரும்பினோம். அந்தக் கூடுதல் செலவையும் முகவரிடம் கேட்டிருக்கிறோம்.

மறுநாள் அவர் அனுப்பிய பதில் இது: ஆலை நுழைவு “இட இருப்பைப் பொறுத்தது” என்று திட்டத்தின் அடியில் எழுதியிருக்கிறதாம், ஆகவே பணத்தைத் திருப்பித் தர இயலாதாம். இடத்தை உறுதிசெய்யவே முழுத் தொகையும் வேண்டும் என்று தம் கைப்பட எழுதிய செய்திகளை அவர் அன்றே அழித்துவிட்டார். எங்களிடம் அவற்றின் ஸ்கிரீன்ஷாட்டுகள் இருந்ததால்தான் மேற்கொண்டு பேச முடிந்தது. இத்தகையவர்களிடம் பேசும் ஒவ்வொரு செய்தியையும் அன்றன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முகவர் எங்கிருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். இந்த முகவரிடம் ஏமாந்த மற்ற குடும்பங்களும் தனித்தனியே புகார் அளித்தால் எங்கள் வழக்குக்கும் வலுச்சேரும்.

நாசிக் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த இரவுகளும் கங்காபூர் நீர்த்தேக்கமும் திராட்சை வரிசைகளுமாக அது உண்மையிலேயே அழகான பகுதி. ஆலைகள் தங்கள் இணையதளங்களிலேயே சுற்றுக்கும் சுவைத்தலுக்கும் நேரடியாகச் சீட்டு விற்கின்றன. இடையில் எவருக்கும் பணம் தர வேண்டியதில்லை. மும்பை சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்து காலையில் புறப்படும் ஷீரடி வந்தே பாரத் ரயில் தாதரிலும் தாணேயிலும் நின்று நாசிக் ரோடுக்குப் போகிறது. அங்கிருந்து டாக்சி எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளுக்கு ஒரே திசையில் ஓர் ஆலை அல்லது இரண்டு போதும். யாரேனும் உங்களுக்காக முன்பதிவு செய்துவிட்டதாகச் சொன்னால், பணம் அனுப்புமுன் அந்த முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி ஆலைக்கே தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது அதே அறிவிப்பு வேறொரு பெயரிலும் வேறொரு கைபேசி எண்ணிலும் செம்பூர்க் குழு ஒன்றில் வந்திருப்பதாக நண்பர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். படங்களை மட்டும் மாற்றவில்லை: நீல நிறத் தொட்டியில் இரண்டு சிறுவர்கள் பச்சைத் திராட்சையை மிதிக்கிறார்கள், பின்னால் பந்தல் தெரிகிறது, மேலே “சிவப்பு ஒயின் அறுவடை” என்று எழுதியிருக்கிறது. அந்தப் படத்துடன் யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்; ஏற்கெனவே கொடுத்திருந்தால், பயண நாளுக்காகக் காத்திருக்காமல் இன்றே எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள்.