ஓடர் யாழ்ப்பாணத்தில், லேபிள் ஸ்காபரோவில்: ஸாப்பியரா, மேக்கா, என்8என்னா?

கனடாவில் இருக்கும் அக்காவின் கடைக்கோ மாமாவின் கடைக்கோ யாழ்ப்பாணத்தில் இருந்து ஒன்லைன் வேலை பார்த்துக் கொடுக்கிறவர்கள் ஊரில் இப்போது கனபேர். ஒடியல், பனங்கட்டி, வறுத்த மிளகாய்த்தூள் எல்லாம் மொத்தப் பெட்டியாக ஸ்காபரோவில் போய் இறங்கும், அங்கிருந்து சின்னச் சின்னப் பார்சலாகப் பிரியும். ஓடர் பதிவு இங்கே, எயார்டேபிள் என்ற ஒன்லைன் அட்டவணையிலோ சொந்த மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலோ இருக்கும். பார்சல் லேபிள் அடிக்கிற ஷிப்ஸ்டேஷன் என்ற சேவை அங்கே. இரண்டுக்கும் நடுவில் ஒருவர் இரவிரவாகக் கொப்பி-பேஸ்ட் பண்ணிக்கொண்டிருப்பார். அந்த ஆளுக்காகத்தான் இந்த அலசல்.

கோட் எழுதாமல் இதை இணைக்க எல்லோரும் சொல்லும் மூன்று பெயர்கள் ஸாப்பியர், மேக், என்8என். பழைய இன்டக்ரோமாட்தான் 2022இல் மேக் என்று பெயர் மாறியது. என்8என் பெர்லினில் தொடங்கியது, சொந்த சேர்வரில் இலவசமாக ஓட்டலாம். வழக்கமாக இவற்றை விலையை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். என் கணக்கில் விலை மூன்றாம் இடம். ஒரு ஓடரில் நாலு சாமான் இருந்தால் என்ன ஆகிறது என்பது முதலாவது. நடுச்சாமத்தில் நின்றுபோனால் யார் திறந்து பார்ப்பார் என்பது இரண்டாவது.

முதலாவதையே எடுப்போம். எயார்டேபிளில் ஒழுங்காக வேலை செய்கிறவர் ஓடருக்கு ஒரு அட்டவணை, அதிலுள்ள பொருட்களுக்கு இன்னொரு அட்டவணை என்று வைத்து இரண்டையும் தொடுத்திருப்பார். ஷிப்ஸ்டேஷனோ ஒரே அழைப்பில், ஓடருக்குள் பொருட்களின் பட்டியல் அடங்கியபடி கேட்கும். ஸாப்பியரில் இந்த இடம்தான் இழுபடும். தொடுத்த பதிவுகளைத் தனியாகத் தேடி எடுத்து, லைன் ஐட்டம் (ஓடருக்குள் அடங்கும் பொருள் பட்டியல்) வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிறகுதான் அனுப்ப வேண்டும். அதற்கு லூப் (ஒவ்வொரு பொருளுக்கும் அதே படியைத் திரும்பச் செய்தல்) போட்டால் ஒவ்வொரு சுற்றின் வேலையும் ஒரு டாஸ்க்காக (ஸாப்பியர் கட்டணத்துக்கு எண்ணும் அலகு) எண்ணப்படும். மேக்கில் இது சுத்தமாக நடக்கும்: பொருட்களைத் தேடு, அக்ரிகேட்டரால் ஒன்றாகக் கட்டு, ஒரே ஓடராக அனுப்பு. திரையில் வட்டம் வட்டமாகத் தெரிவதால் எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம். என்8என்னிலும் அதே வசதி உண்டு, கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு அதைவிடச் சுகம், ஆனால் ஷிப்ஸ்டேஷன் பக்கத்தை ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் நோட் (இன்னொரு சேவையை நேரே அழைக்கும் படி) போட்டு நீங்களே கட்டிக்கொள்ளும் பொறுமை வேண்டும். ஓடருக்கு ஒரே சாமான் விற்கிற கடை என்றால் இந்தப் பந்தியை மறந்துவிட்டு ஸாப்பியரோடு போகலாம்.

எந்தக் கருவியை எடுத்தாலும் ஷிப்ஸ்டேஷனுக்கு அனுப்பும் ஓடரில் ஓடர்கீ (orderKey) என்ற புலத்தை வெறுமையாக விடாதீர்கள். உங்கள் தரவுத்தளத்தின் பதிவு ஐடியை அதில் போட்டுவிட்டால் அதே ஓடர் இரண்டாம் முறை போனாலும் ஷிப்ஸ்டேஷன் புதிதாக ஒன்றைத் திறக்காமல், இன்னும் அனுப்பப்படாத பழையதையே திருத்தும். இது இல்லாவிட்டால் ஒரு முறை இணைப்பு அறுந்து மறுபடி ஓடினாலே போதும், ஒரே ஆளுக்கு இரண்டு பெட்டி பனங்கட்டி. அவருக்குச் சந்தோஷம், கடைக்காரருக்கு இல்லை.

அடுத்தது திரும்பி வரும் வழி. லேபிள் அடித்ததும் ட்ரக்கிங் இலக்கம் எயார்டேபிளுக்கு வந்து சேர வேண்டும், வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கேட்பது அதைத்தானே. ஷிப்ஸ்டேஷனின் வெப்ஹூக் (ஒன்று நடந்ததும் தானாக வரும் அறிவிப்பு) இங்கே ஒரு குசும்பு பண்ணும்: இலக்கத்தைக் கையில் தராது, போய்ப் பார்த்துக்கொள் என்று ஒரு முகவரியை மட்டும் தரும். மேக்கிலும் என்8என்னிலும் வெப்ஹூக்கை நீங்களே பிடிப்பதாக இருந்தால் அந்த முகவரியை மறுபடி அழைக்க ஒரு படி கூடுதலாக வைக்க வேண்டும். ஸாப்பியரின் தயார் இணைப்பில் இந்தத் தொல்லை உங்கள் கண்ணுக்கே வராது. ஸாப்பியர் தெளிவாக வெல்லும் இடம் இது.

இப்போது இலவசத் திட்டங்கள். கணக்குப் போட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. மேக்கின் இலவசத் திட்டம் மாதம் 1000 கிரெடிட் (பெரும்பாலும் ஒரு படி ஓடினால் ஒன்று) வரை தரும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். புதிய ஓடர் இல்லாவிட்டாலும் அந்த எட்டிப் பார்த்தலே ஒன்றாக எண்ணப்படும். மணிக்கு 4, நாளுக்கு 96, மாதத்துக்கு 2880. ஒரு ஓடரும் வராமலே பத்தாம் பதினோராம் தேதியில் கணக்கு முடிந்துவிடும். எயார்டேபிளின் இலவசத் திட்டத்திலும் மாதம் 1000 ஏபிஐ அழைப்பு (வெளிக் கருவி தரவைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று) மட்டும்தான், ஆகவே அந்தப் பக்கமும் அடைபடும். இதற்கு ஒரு வழி உண்டு: எயார்டேபிளில் ஒரு பட்டன் புலம் வைத்து, பதிவு ஐடியோடு மேக்கின் வெப்ஹூக் முகவரியைத் திறக்கும்படி செய்யுங்கள். ஓடரைச் சரிபார்த்த பிறகு ஒரு அழுத்து, அது போய்விடும். முழுத் தானியங்கி இல்லைதான், ஆனால் முகவரியில் மாகாணத்தை விட்டவர்களையும் போஸ்டல் கோடைப் பிழையாக எழுதியவர்களையும் மனிதக் கண் ஒருமுறை பார்த்துவிடும் என்பதால் எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். பெயரைத் தமிழில் எழுதி அனுப்புகிறவர்களும் உண்டு, லேபிளுக்கு ஆங்கில எழுத்துத்தான் வேண்டும் என்பதால் அதையும் அந்த நேரத்திலேயே மாற்றிவிடலாம்.

ஸாப்பியரின் இலவசம் மாதம் 100 டாஸ்க், இரண்டே படி. பரீட்சித்துப் பார்க்கத்தான் உதவும். காசு கட்டினாலும் ஒரு ஓடர் அங்கே போக மூன்று டாஸ்க், ட்ரக்கிங் இலக்கம் திரும்பி வர இரண்டு என்று வைத்தால் மாதம் 300 ஓடருக்கு 1500 டாஸ்க். அதே அளவு வேலைக்கு மேக் கணிசமாக மலிவு. டொலர் கார்டில் மாதாமாதம் வெட்டுப்படும் சந்தா என்பதால் இங்கே இருந்து கட்டுகிறவருக்கு 2022இன் டொலர் நெருக்கடி ஞாபகம் வரும். என் யோசனை, சந்தாவைக் கனடாக் கடையின் கார்டிலேயே போடச் சொல்லுங்கள்.

சொந்த சேர்வரில் ஓடும் என்8என்னுக்கு ஒரு டாஸ்க் கணக்கும் இல்லை, சேர்வர் வாடகை மட்டும்தான். அதற்காக வீட்டுக் கணினியில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கரண்ட் போனால் போச்சு, வீட்டு இணைப்புக்கு நிலையான ஐபியும் பெரும்பாலும் இருக்காது, ஷிப்ஸ்டேஷனின் வெப்ஹூக் வந்து தட்டும்போது கதவு இருக்கிற இடமே தெரியாது. சின்ன விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் இணையச் சேர்வர்) ஒன்று எடுங்கள். உங்கள் ஓடர்கள் சொந்த மைஎஸ்கியூஎல்லில் இருந்தால் என்8என்தான் சரியான விடை, ஏனென்றால் ஸாப்பியருக்கும் மேக்குக்கும் தரவுத்தளத்தின் வாசலை வெளியே திறந்துவிட வேண்டும், அதே சேர்வரில் என்8என் இருந்தால் உள்ளுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். வாடிக்கையாளரின் வீட்டு முகவரிகள் இருக்கிற இடம் அது, யோசித்துத் திறக்க வேண்டும். நிறுவும்போது உருவாகும் என்கிரிப்ஷன் கீயைப் பத்திரமாக இன்னொரு இடத்தில் வையுங்கள், அது தொலைந்தால் சேமித்த கடவுச்சொற்கள் ஒன்றும் திறக்காது.

நின்றுபோனால் என்ன? ஸாப்பியர் மின்னஞ்சல் போடும், கடைக்கார அக்காவே திறந்து மறுபடி ஓடவிடலாம். மேக்கும் சொல்லும், ஆனால் தொடர்ந்து பிழை வந்தால் சினாரியோவையே (நீங்கள் கட்டிய படிகளின் தொடரை) நிறுத்திவிடும், முடியாத ஓட்டங்களைச் சேமிக்கும் வசதியை நீங்கள்தான் இயக்கி வைக்க வேண்டும். என்8என்னில் பிழைக்கென்று ஒரு தனி வேர்க்ஃப்ளோ கட்டலாம், சேர்வரே விழுந்தால் அதுவும் சேர்ந்து விழும். ரொறன்ரோவுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம், கோடையில் ஒன்பதரை. அங்கே மத்தியானம் லேபிள் அடிக்கிற நேரம் இங்கே நீங்கள் நித்திரை. ஆகவே இரவில் எழும்ப ஆள் இல்லாத வீட்டுக்கு நான் என்8என்னைச் சொல்ல மாட்டேன்.

என் தெரிவு: எயார்டேபிள், ஓடருக்குப் பல சாமான், மாதம் சில நூறு பார்சல் என்றால் மேக், அந்தப் பட்டனோடு. சொந்தத் தரவுத்தளம், லினக்ஸ் தெரிந்த தம்பி ஒருவர் வீட்டில் உண்டு என்றால் என்8என். அங்கே இருப்பவரே எல்லாம் பார்க்க வேண்டும், இங்கே கேட்க ஆள் இல்லை என்றால் காசைப் பார்க்காமல் ஸாப்பியர். நாளுக்கு ஐந்தாறு ஓடர்தான் என்றால் ஒன்றும் வேண்டாம், சிஎஸ்வி கோப்பாக இறக்கி ஷிப்ஸ்டேஷனில் ஏற்றுங்கள், பத்து நிமிட வேலை.

கட்டத் தொடங்குமுன் ஷிப்ஸ்டேஷனில் உங்கள் திட்டத்துக்கு ஏபிஐ திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறையைக் கிலோவில் எழுதியிருந்தால் ஆயிரத்தால் பெருக்கிக் கிராமாக அனுப்புங்கள். நேரமும் சிக்கல்தான்: ஷிப்ஸ்டேஷனின் பழைய ஏபிஐ அமெரிக்க மேற்குக்கரை நேரத்தில் பேசும், சொந்தமாக நிறுவிய என்8என் நீங்கள் மாற்றும்வரை நியூயோர்க் நேரத்தில் இருக்கும். அது ரொறன்ரோ நேரமும்தான் என்பதால் கடைக்கு வசதி, ஆனால் காலை எட்டு மணிக்கு வரவேண்டிய ஓடர் அறிக்கை உங்களுக்குப் பின்னேரம்தான் வரும்.