குற்றவியல் பேராசிரியர் பணியிடங்கள்: இணையப் பட்டியல்கள் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

குற்றவியல், குற்றவியல் நீதி ஆகிய துறைகளில் பல்கலைக்கழக ஆசிரியப் பணி தேடுவோருக்கு உதவும் இணையப் பட்டியல்கள் இரு வகைப்படும். ஒரு வகை, துறைசார் சங்கங்கள் நடத்துபவை. மற்றது, எல்லாத் துறைகளுக்கும் பொதுவான கல்விப் பணி வேலைவாய்ப்புத் தளங்கள். முனைவர் பட்டம் முடிக்கும் தறுவாயில் இருக்கும் ஓர் ஆய்வாளர் இவற்றில் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியோடு ஒரு பணியமர்த்தல் பருவம் முழுவதும் இவற்றைத் தொடர்ந்து வாசித்து எழுதிய மதிப்பீடு இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கப் பட்டியல்கள் சிறியவை, ஆனால் ஒவ்வொரு பதிவும் வாசிக்கத் தகுந்தது. பொதுத் தளங்கள் பெரியவை, ஆனால் அவற்றைச் சலித்தெடுக்க வேண்டும். இரண்டுமே பதவியின் பெயரைத் தெளிவாகச் சொல்கின்றன. அந்தப் பதவியில் அமர்பவர் அன்றாடம் என்ன வேலை செய்வார் என்பதை விளம்பரத்தின் வரிகளிலிருந்து நாம்தான் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

சங்கப் பட்டியல்களில் முதலில் பார்க்க வேண்டியது அமெரிக்கக் குற்றவியல் சங்கத்தினுடையது. 1941இல் காவல் பயிற்சி கற்பித்த கல்லூரி ஆசிரியர்களின் சிறு அமைப்பாகத் தொடங்கிய இச்சங்கம் ஆண்டுதோறும் நவம்பரில் தன் மாநாட்டைக் கூட்டுகிறது. அதிலிருந்து விலகியவர்கள் 1963இல் தொடங்கிய அமைப்பே இன்றைய குற்றவியல் நீதி அறிவியல் கழகம். அதன் மாநாடு மார்ச்சில் நடக்கிறது. இந்த இரு மாதங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பட்டியலின் ஏற்ற இறக்கம் புரியும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கும் நிரந்தரத் தடப் பணிகளுக்கான (தகுதிகாண் காலத்துக்குப் பின் நிரந்தரமாக்கப்படக்கூடியவை) விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் வந்துவிடுகின்றன. நவம்பர் மாநாட்டில் தேர்வுக்குழுவினரும் விண்ணப்பதாரர்களும் நேரில் பேசிக்கொள்கிறார்கள். அதையொட்டி விண்ணப்பதாரரைப் பல்கலைக்கழகத்துக்கு வரவழைக்கும் வளாக நேர்காணல்கள் நடக்கின்றன. மார்ச்சுக்குப் பிறகு பட்டியலில் ஏறுபவை பெரும்பாலும் ஓராண்டு வருகைதரு பணிகள், நிதி ஒப்புதல் தாமதமான இடங்கள், முதல் சுற்றில் யாரும் அமையாமல் மீண்டும் விளம்பரப்படுத்தப்பட்டவை ஆகியன. ஜூன் மாதத்தில் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு இத்துறையில் வேலையே இல்லை என்று முடிவு கட்டுவோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்; அவர்கள் பார்த்த மாதம்தான் தவறு.

சங்கப் பட்டியலின் சிறப்பு, தொடர்பற்ற பதிவு அதில் அரிது என்பது. குறை, குற்றவியல் என்ற பெயரைத் தாங்காத துறைகள் விளம்பரப்படுத்தும் குற்றவியல் பணியிடங்கள் அதில் சரிவரத் தென்படுவதில்லை என்பது. சமூகவியல் துறை ஒன்று ‘குற்றம், சட்டம், பிறழ்நடத்தை’ என்ற உட்பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது தன் விளம்பரத்தைச் சமூகவியல் சங்கத்தின் பட்டியலில்தான் முதலில் இடுகிறது. பொதுக் கொள்கை, சமூகப்பணி, உளவியல், சட்டம் ஆகிய துறைகளும் அப்படித்தான். சிறைச்சாலை பற்றியோ இளஞ்சிறார் நீதி பற்றியோ ஆய்வு செய்த ஒருவருக்கு மிகப் பொருத்தமான பணியிடம் குற்றவியல் பட்டியலுக்கு வெளியே இருப்பது வியப்புக்குரியது அன்று. எனவே ஒரே சங்கத்தின் பட்டியலோடு நின்றுவிடுபவர் தமக்குரிய வாய்ப்புகளில் ஒரு பகுதியைக் காணாமலே இருந்துவிடுவார்.

இந்த இடத்தில்தான் பொதுத் தளங்களின் தேவை எழுகிறது. 1996இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஹையர்எட்ஜாப்ஸ், பிரிட்டனில் வார்விக் பல்கலைக்கழகம் 1998இல் தொடங்கிய ஜாப்ஸ்.ஏசி.யூகே ஆகிய இரண்டும் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. தேடுபவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. விளம்பரம் இடும் நிறுவனம் செலுத்துகிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விளைவு உண்டு. தளத்தின் வாடிக்கையாளர் பல்கலைக்கழகமே தவிர நாம் அல்லர் என்பதால், விளம்பரத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது. பிரிட்டன் தளத்தில் ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் சம்பளம், வேலை நேரம், ஒப்பந்த வகை, வெளியிட்ட நாள், இறுதி நாள் ஆகியவை தனித்தனிக் கட்டங்களில் தரப்படுகின்றன. சிறிய ஏற்பாடுதான்; ஆனால் ஒரே பார்வையில் ஒன்றைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போக இதைவிட உதவுவது வேறில்லை.

பொதுத் தளங்களில் தேடுபொறிதான் பெரிய சிக்கல். ‘குற்றவியல் நீதி’ என்ற சொற்களை இட்டுத் தேடினால் உதவிப் பேராசிரியர் பணியோடு, வளாகக் காவல் அலுவலர், மாணவர் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவின் துணை இயக்குநர், ஒரு பாடத்துக்கு மட்டும் அழைக்கப்படும் பகுதிநேர ஆசிரியர் என எல்லாம் சேர்ந்து வருகின்றன. குற்றவியல் நீதியில் பட்டம் விரும்பத்தக்கது என்று தகுதிப் பகுதியில் ஒரு வரி இருந்தாலே போதும், தேடுபொறி அதையும் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஆசிரியப் பணி, முழுநேரம் என்ற வடிகட்டிகளை முதலில் இட்டு, அதன்பிறகு மின்னஞ்சல் அறிவிப்பை அமைப்பதே வழி. ‘காவல்’, ‘தண்டனையியல்’, ‘பாதிக்கப்பட்டோரியல்’, ‘சமூகவியல்: குற்றம்’ எனத் தனித்தனியே சில அறிவிப்புகளை வைத்துக்கொண்டால், ஒரே அகன்ற தேடலைவிட நல்ல பலன் கிடைக்கிறது.

பதவியின் பெயரை வைத்து ஏன் எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்குத் துறையின் வரலாற்றில் விடை இருக்கிறது. 1967இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அமைத்த குற்ற ஆணையத்தின் அறிக்கை வந்தது; 1968இல் ஒருங்கிணைந்த குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் வழியே காவலர்களின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கூட்டரசின் நிதி கிடைக்கத் தொடங்கியதும், அந்த மாணவர்களை நம்பிக் கல்லூரிகள் குற்றவியல் நீதிப் பாடத்திட்டங்களை வேகமாகத் தொடங்கின. அதே காலகட்டத்தில் ஆல்பனி, மேரிலாந்து போன்ற இடங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்கான துறைகள் உருவாயின. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1950இல் தொடங்கிய குற்றவியல் புலமோ 1976இல் மூடப்பட்டது. இதன் தொடர்ச்சியாக இன்றும் ஒரே பெயர்ப்பலகையின்கீழ் இரு வேறு உலகங்கள் இயங்குகின்றன. ஒன்றில் பேராசிரியர் பருவத்துக்கு இரு பாடங்கள் கற்பித்து, ஆய்வு நிதி திரட்டி, முனைவர் பட்ட மாணவர்களை வழிநடத்துகிறார். மற்றொன்றில் பருவத்துக்கு நான்கு பாடங்கள், நூற்றுக்கணக்கான இளநிலை மாணவர்கள், காவல் துறையிலும் சிறைத் துறையிலும் மாணவர்களுக்குப் பயிற்சியிடம் ஏற்பாடு செய்தல் என்று ஆண்டு கழிகிறது. இரண்டும் மதிப்புக்குரிய பணிகளே. ஆனால் இரண்டுக்கும் பட்டியலில் ‘உதவிப் பேராசிரியர், குற்றவியல் நீதி’ என்ற ஒரே தலைப்பு இருக்கும்.

ஆகவே விளம்பரத்தை வரிவரியாக வாசிக்க வேண்டும். இவ்வகை விளம்பரங்களில் அடிக்கடி வரும் வாசகங்கள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். ‘தேர்ந்தெடுக்கப்படுபவர் நேரடியாகவும் இணையவழியிலும் கற்பிப்பார், மாணவர்களுக்கு ஆலோசனை வழங்குவார், துறைப் பணிகளில் பங்கேற்பார், ஆய்விலும் ஈடுபடுவார்’ என்று இருந்தால், கடமைகள் வரிசைப்படுத்தப்பட்ட விதமே அவற்றின் எடையைச் சொல்லிவிடுகிறது. கடைசியில் ஓர் ‘உம்’ போட்டு ஒட்டவைத்த ஆய்வுக்கு நேரம் கிடைப்பது அரிது. ‘சட்டப் பட்டம் மட்டும் உடையோர் தகுதி பெறார்’ என்பது, முன்பு வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் கற்பித்த துறை முனைவர் பட்டம் உடையோரை நோக்கி நகர்கிறது என்பதன் அடையாளம். ‘களப்பணி அனுபவம் விரும்பத்தக்கது’ என்றால் காவல், சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவற்றில் பணியாற்றியவருக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. புள்ளியியல் முறைகளில் மட்டுமே தேர்ந்த ஒருவர் தம் விண்ணப்பக் கடிதத்தை அதற்கேற்ப எழுத வேண்டும். ‘நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டது’ என்ற வரி, தேர்வு பாதியிலேயே நின்றுபோகக்கூடும் என்பதற்கான முன்னறிவிப்பு.

இவற்றுள் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, ‘பரிசீலனை அக்டோபர் 1இல் தொடங்கும், நிரப்பப்படும்வரை திறந்திருக்கும்’ என்ற வாசகம். இரண்டாம் பகுதியை நம்பி நவம்பரில் விண்ணப்பிப்பவரின் கோப்பு, பெரும்பாலும் குறும்பட்டியல் தயாரான பின்னரே குழுவின் கைக்குப் போகிறது. முதலில் சொல்லப்பட்ட நாளையே இறுதி நாளாகக் கொள்வது நல்லது. பட்டியல்கள் இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் இட்டு, இறுதி நாள் இல்லை என்று காட்டுவது நியாயமான வடிவமைப்பாக எனக்குப் படவில்லை.

பதவி நிலைகளிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் நிரந்தரத் தடத்தில் சேர்பவரின் தகுதிகாண் காலம் ஏழாண்டுக்கு மேற்படக் கூடாது என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கத்தின் 1940ஆம் ஆண்டு அறிக்கை வகுத்த நெறி. பல நிறுவனங்கள் ஆறாம் ஆண்டில் மதிப்பீட்டை நடத்துகின்றன. அங்கே விரிவுரையாளர் என்றால் பொதுவாக இந்தத் தடத்துக்கு வெளியே இருப்பவர். பிரிட்டனிலோ விரிவுரையாளரே முழுமையான தொடக்கநிலைக் கல்விப் பணியாளர். பன்னாட்டுப் பதிவுகளை ஒரே பட்டியலில் கலந்து காட்டும் தளங்கள் இந்த வேறுபாட்டை விளக்குவதில்லை.

சம்பளத்தைப் பொறுத்தவரை நிலைமை மேம்பட்டிருக்கிறது. கொலராடோவில் 2021 தொடக்கத்திலிருந்தும், கலிபோர்னியாவில் 2023 தொடக்கத்திலிருந்தும், நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்தும் வேலை விளம்பரங்களில் சம்பள வீச்சைக் குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயமாகிவிட்டது. இத்தகைய சட்டம் இல்லாத மாநிலங்களின் விளம்பரங்களில் இன்னும் ‘தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப’ என்ற பழைய பல்லவியே ஒலிக்கிறது. அமெரிக்காவில் குறிப்பிடப்படும் தொகை பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்கானது என்பதையும், கோடைக்காலப் பாடங்களும் ஆய்வு நிதியும் அதற்கு வெளியே நிற்பவை என்பதையும் ஒப்பிடும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு விண்ணப்பதாரர்களுக்கு இப்பட்டியல்கள் செய்யும் உதவி மிகக் குறைவு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எச்-1பி வேலை விசாவின் ஆண்டு உச்சவரம்புக்கும் குலுக்கலுக்கும் உட்பட்டவை அல்ல என்பது சாதகமான செய்தி. ஆனால் நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்புக்குப் பிறகு, ‘விசா ஆதரவு உண்டா’ என்ற ஒற்றைக் கட்டம் பட்டியலில் இருந்தாக வேண்டும். பெரும்பாலான பதிவுகளில் அது இல்லை. இருக்கும் இடத்திலும் விளம்பரத்தின் கடைசிப் பத்தியில், சமவாய்ப்பு அறிவிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்காக (கிரீன் கார்டு), கல்லூரி ஆசிரியர்களுக்கான சிறப்பு வழியில் பின்னாளில் பல்கலைக்கழகம் விண்ணப்பிக்க வேண்டுமானால், தேசிய அளவிலான தொழில்முறை இதழில் அப்பணி விளம்பரப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதும், அது இணைய விளம்பரமாக இருந்தால் குறைந்தது 30 நாட்கள் நீடித்திருக்க வேண்டும் என்பதும், தேர்வு நடந்த 18 மாதங்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும் என்பதும் அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் விதிகள். தன் சொந்த இணையப் பக்கத்தில் மட்டும் இரண்டு வாரம் விளம்பரம் இட்டு எடுத்துவிடும் கல்லூரியிடம் வெளிநாட்டு விண்ணப்பதாரர் முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

பிரிட்டனில் விளம்பரங்களின் போக்கைப் புரிந்துகொள்ளக் காவல் கல்வியின் மாற்றங்களையும் பார்க்க வேண்டும். காவலர் பணிக்குப் பட்டக் கல்வியை அடிப்படையாக்கும் திட்டத்தையொட்டிப் பல்கலைக்கழகங்கள் காவல் பணி விரிவுரையாளர்களைத் தேடின; 2024இல் பட்டம் தேவையற்ற நுழைவு வழியும் சேர்க்கப்பட்டது. இத்தகைய பணிகள் ஒப்பந்தங்களோடு கட்டுண்டவை என்பதால், குறித்தகாலப் பணியா நிரந்தரப் பணியா என்பதை ஒப்பந்த வகைக் கட்டத்தில் சரிபார்ப்பது அவசியம். ஐரோப்பியக் கண்டத்தைப் பொறுத்தவரை ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்சஸ் தளத்தையும் பார்க்கலாம். ஆனால் அங்கே குற்றவியல் பல நாடுகளில் சட்டப் புலத்தின் உறுப்பாக இருப்பதால், சட்டத்தின்கீழ் தேடாமல் பயனில்லை.

விண்ணப்பிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டால் பட்டியல் நம்மைப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்துக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சில இடங்களில் இன்டர்ஃபோலியோ என்ற விண்ணப்ப ஆவணத் தளம் பயன்படுகிறது. பரிந்துரைக் கடிதங்களை அதில் ஒருமுறை சேமித்துவைத்தால் பல இடங்களுக்கு அனுப்பலாம் என்பதால், கடிதம் தரும் பேராசிரியரை மீண்டும் மீண்டும் நச்சரிக்க வேண்டியதில்லை. வேறு பல இடங்களில் தன்விவரக் குறிப்பைப் பதிவேற்றிய பிறகும் அதே விவரங்களைக் கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். இது பட்டியலின் குற்றமன்று. இருந்தாலும் இறுதி நாளன்று மாலை விண்ணப்பத்தைத் திறப்பவருக்குப் போதிய நேரம் இருக்காது.

எல்லாத் தளங்களுக்கும் பொதுவான ஒரு குறை, நிரப்பப்பட்ட பணியிடங்கள் நீக்கப்படாமல் தொங்குவது. விளம்பரத்துக்குச் செலுத்திய கட்டணத்தின் காலம் முடியும்வரை பதிவு அப்படியே நிற்கிறது. இடையில் தேர்வு கைவிடப்பட்டாலும் ஒரு குறிப்பும் வருவதில்லை. ஆகவே பட்டியலில் ஒரு பதிவைக் கண்டதும் அந்தத் துறையின் சொந்தப் பக்கத்துக்குப் போய், அதே பணி பல்கலைக்கழகத்தின் மனிதவளப் பிரிவிலும் திறந்திருக்கிறதா, ஆசிரியர் பட்டியலில் அண்மையில் ஓய்வுபெற்றவர் யார், முனைவர் பட்டத் திட்டம் உண்டா, கடந்த பருவத்தின் பாட அட்டவணையில் ஓர் உதவிப் பேராசிரியரின் பெயர் எத்தனை இடங்களில் வருகிறது என்று பார்த்துவிடுகிறேன். அந்தப் பாட அட்டவணை பெரும்பாலும் யாரும் திறந்து பார்க்கும்படி பொதுவில்தான் கிடக்கிறது. பருவத்துக்கு எத்தனை பாடம் என்ற கேள்விக்கு விளம்பரம் தராத விடை அதில் கிடைத்துவிடும்.