350 வி8 இன்ஜினுக்கு எந்த கார்புரேட்டர்? குவாட்ராஜெட், ஹோலி, எடல்பிராக், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்: ஓர் அலசல்

1969 காமரோ எஸ்எஸ். பாடி வேலை முடிந்தது, 350 கன அங்குல இன்ஜின் ரீபோர் ஆகி உள்ளே உட்கார்ந்துவிட்டது. சிலிண்டர்களுக்குக் காற்றையும் பெட்ரோலையும் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மெனிஃபோல்டின் மேல் எந்த கார்புரேட்டரை வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலானவர்கள் கம்பெனியிலிருந்து வந்த குவாட்ராஜெட்டைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, பளபளப்பான புது கார்புரேட்டருக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். சாலையில் ஓட்டப்போகும் வண்டிக்கு இது தேவையில்லாத செலவு. பல நேரம் வண்டி முன்பைவிட மோசமாகவே ஓடும்.

கம்பெனிகள் அன்று எதை வைத்தன என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. 1967 மாடலிலிருந்து கார்வெட், கோர்வேர் தவிர மற்ற கார்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் முடிவெடுத்தது. போன்டியாக் ஜிடிஓவில் மூன்று கார்புரேட்டர் போய் ஒற்றை ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் வந்தது அப்படித்தான். 300 குதிரைத்திறன் எல்48 காமரோவுக்கும் அதே குவாட்ராஜெட். மேல் ஆர்பிஎம்மில் சுற்றுவதற்கென்றே செய்த இசட்/28-இன் 302 இன்ஜினுக்கு 780 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) ஹோலி. கிரைஸ்லர் கார்ட்டர் என்ற கம்பெனியிடம் வாங்கியது. இன்றைய எடல்பிராக் பெர்ஃபார்மர் அந்தக் கார்ட்டரின் ஏஎஃப்பி மாடல் வழி வந்ததுதான்.

அளவுக் கணக்கு

எத்தனை சிஎஃப்எம் வேண்டும் என்று அறிய, இன்ஜினின் கன அங்குலத்தை அதிகபட்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3456-ஆல் வகுக்க வேண்டும். 350 × 5500 ÷ 3456 = 557. சிலிண்டர் 85 சதவீதம்தான் நிரம்பும் என்று வைத்தால் 473 சிஎஃப்எம். ஆக, சாலை ஓட்டத்துக்கு 600 தாராளம். இதே இன்ஜினில் 750 டபுள் பம்ப்பரை (முன், பின் வாய்கள் இரண்டுக்கும் தனித்தனி பம்ப் உள்ள ஹோலி) போட்டால், கீழ் ஆர்பிஎம்மில் வென்சுரி என்ற குறுகிய கழுத்து வழியாகக் காற்று மெதுவாகப் போகும். பெட்ரோலை இழுக்கும் சிக்னல் பலவீனமாகும், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் திணறும். அப்படியானால் 750 சிஎஃப்எம் குவாட்ராஜெட் மட்டும் எப்படி ஒத்துப்போகிறது? அதன் முன் இரண்டு வாய்கள் 1⅜ அங்குலம், பின் இரண்டும் 2¼ அங்குலம். சாதாரண ஓட்டத்தில் சின்ன வாய்கள் மட்டும் வேலை செய்யும். பெரியவை திறந்தாலும், மேலே இருக்கும் ஏர் வால்வு இன்ஜின் கேட்கும் காற்றை மட்டுமே விடும்.

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்

கார்புரேட்டர் கோளாறு என்று வரும் புகார்களில் ஏராளமானவை டைமிங் கோளாறுதான், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம் தப்புவது. கிராங்க் முனையில் அதிர்வைத் தணிக்கும் டாம்பரின் வெளி வளையம் ரப்பரில் ஒட்டி நிற்பது. ஐம்பது வருட ரப்பர் இளகி வளையம் நழுவியிருந்தால், அதில் இருக்கும் டைமிங் கோடு பொய் சொல்லும். முதல் சிலிண்டர் பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப் போட்டு, கிராங்கைக் கையால் இரு பக்கமும் திருப்பி, இரண்டு குறிகளுக்கும் நடுவே பிஸ்டனின் உண்மையான மேல்நிலையைக் கண்டுபிடியுங்கள். பிறகு பாயின்ட் ட்வெல் (பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) 30 டிகிரி. வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் 10 முதல் 12 டிகிரி, சுமார் 3000 ஆர்பிஎம்மில் மொத்தம் 34 முதல் 36 டிகிரி. இது சரியாகாமல் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) மாற்றுவது வீண்.

குவாட்ராஜெட்

அமெரிக்காவில் இதற்கு ‘குவாட்ராஜங்க்’ என்று கேலிப்பெயர் உண்டு. அந்தப் பெயரை வாங்கித் தந்தது வடிவமைப்பு அல்ல, அவசரமாகப் பிரித்த கைகள். மேல்மூடிக்கு ஒன்பது திருகுகள். அதில் இரண்டு முன் வென்சுரிகளுக்குப் பக்கத்தில், சோக் இருக்கும் பள்ளத்துக்குள் மறைந்திருக்கும். அவற்றைக் கவனிக்காமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் மூடி வளைந்துவிடும். திரும்ப மாட்டும்போது முன்பக்கத் திருகுகளை அளவுக்கு மீறி இறுக்கினாலும் இதே கதிதான்.

பழுதுகள் எப்போதும் ஒரே சில இடங்களில்தான் வரும். அடியில் எரிபொருள் கிணறுகளை மூடியிருக்கும் உலோக அடைப்புகள் கசியும். இரவு முழுக்க பெட்ரோல் மெனிஃபோல்டுக்குள் இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் சுற்ற வேண்டிவரும். அடைப்பைச் சுற்றி நன்றாகச் சுத்தம் செய்து, பெட்ரோல் தாங்கும் எப்பாக்ஸி பூசினால் சரியாகும். ஃப்ளோட் நைட்ரோஃபில் என்ற நுரைப்பொருள். பல வருடம் ஊறிக் கனத்துவிட்டால் பெட்ரோல் மட்டம் ஏறி வழியும். சந்தேகமே வேண்டாம், புதிது போடுங்கள். முன் த்ராட்டில் ஷாஃப்ட் ஆடினால் காற்று உள்ளே கசிந்து ஐடில் நிற்காது. ஓட்டையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் அடிக்க வேண்டும். கிட் வாங்கும்போது பம்ப் கப் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா என்று பாருங்கள். பழைய ரப்பர் ஊதிப்போகும்.

முழு த்ராட்டில் கொடுத்ததும் ஒரு கணம் மூச்சடைத்துப் பிறகு பாய்கிறதா? ஏர் வால்வு சீக்கிரம் திறக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு சின்னத் திருகு, அதைப் பூட்டும் ஆலன் திருகு ஒன்று. பூட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்கை முழுக்க விட்டு, வால்வு மெல்ல மூடும் இடம்வரை திருப்புங்கள். அங்கிருந்து முக்கால் சுற்று ஏற்றிப் பூட்டுங்கள். சோக் புல்-ஆஃப் (வேக்குவத்தால் சோக்கை இழுத்துத் திறக்கும் பாகம்) டயஃப்ரம் கிழிந்திருந்தால் இந்தச் செட்டிங் எடுபடாது, முதலில் அதை வாயால் உறிஞ்சிப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

1969-இன் வார்ப்பிரும்பு மெனிஃபோல்டில் கார்புரேட்டருக்கு அடியிலேயே எக்ஸாஸ்ட் சூடு ஓடும் பள்ளம் உண்டு. அதன் மேல் ஸ்டீல் தகடு இருக்க வேண்டும். ரீபில்டு செய்தவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் கேஸ்கெட் வைத்தால் அது கருகி, எக்ஸாஸ்ட் கசிந்து, அலுமினிய அடித்தட்டை அரித்துவிடும்.

ஒரிஜினல் பார்ட் என்பதற்கும் மதிப்பு உண்டு. பாடியின் பின்பக்கம் ஓட்டுநர் பக்கமாகக் குத்திய எண் 7029 என்று தொடங்கினால் அது 1969 கார்புரேட்டர். கூடவே இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும், கடைசி இலக்கம் வருடம். வண்டி தயாரான தேதிக்கு முந்தியதாக அது இருக்க வேண்டும்.

ஹோலி

டியூனிங் செய்யவே ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. பெட்ரோல் நிற்கும் பவுலின் நான்கு திருகைக் கழற்றினால் ஜெட் கையில். கேம் பெரிதாக மாற்றிய இன்ஜினுக்கும், கால் மைல் ஓட்டத்துக்கும் இதுதான். 350-க்கு 600 சிஎஃப்எம் வேக்குவம் செகண்டரி (பின் வாய்கள் வேக்குவத்தால் திறப்பது), 1850 என்ற எண்ணில் விற்பது, பொருத்தம். டபுள் பம்ப்பர் வேண்டாம். மேனுவல் கியர், உயர் ரேஷியோ ஆக்சில், லேசான வண்டி என்றால் மட்டும் யோசிக்கலாம்.

ஃப்ளோட் மட்டம்: பக்கத்துத் திருகைக் கழற்றினால், ஓட்டையின் கீழ்விளிம்பில் பெட்ரோல் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். பம்ப் கை: முழு த்ராட்டிலில் 0.015 அங்குல இடைவெளி. பவர் வால்வு (லோடு ஏறும்போது கூடுதல் பெட்ரோல் விடுவது) எண், ஐடில் வேக்குவத்தில் பாதி. கியரில் ஐடில் 9 அங்குலம் என்றால் 4.5. பொதுவாக 6.5-உடன் வருவதை அப்படியே விட்டால், அந்த இன்ஜினில் வால்வு தேவைக்கு முன்பே திறந்து கூடுதல் பெட்ரோல் குடிக்கும். பழைய ஹோலிகளில் ஒரு பேக்ஃபயர் போதும், வால்வின் டயஃப்ரம் கிழிந்துவிடும். இரண்டு மிக்சர் திருகுகளையும் முழுக்க மூடியும் இன்ஜின் அணையாவிட்டால், டயஃப்ரம் போயிருக்கிறது, அல்லது ஐடில் திருகை அதிகம் ஏற்றி டிரான்ஸ்ஃபர் ஸ்லாட்டை (ஐடிலைத் தாண்டும்போது பெட்ரோல் வரும் பிளவு) திறந்துவிட்டிருக்கிறீர்கள். த்ராட்டில் தட்டுக்கு அடியில் அந்த ஸ்லாட் 0.020 அங்குலம், ஒரு சதுரம்போல மட்டும் தெரிய வேண்டும்.

பின் வாய்கள் உண்மையில் திறக்கிறதா என்று பார்க்க ஒரு பேப்பர் கிளிப் போதும். வேக்குவம் டயஃப்ரமின் கம்பியில் அதை மாட்டி மேலே தள்ளி வைத்துவிட்டு, சாலையில் ஒருமுறை முழுசாக மிதித்து வாருங்கள். கிளிப் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறதோ அவ்வளவு திறந்திருக்கிறது. நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் லோடு இல்லை, கிளிப் அசையாது. ஸ்பிரிங் வெள்ளை மிக லேசானது, கறுப்பு மிகக் கனமானது.

பலர் தடுக்கி விழுவது வேறு இடத்தில். ஹோலியின் நான்கு வாயும் கிட்டத்தட்ட ஒரே அளவு, காமரோவின் பழைய மெனிஃபோல்டோ குவாட்ராஜெட் வடிவம். நடுவில் அடாப்டர் தகடு போட்டால் உயரம் கூடி ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்கும், வேக்குவம் கசியும். ஹோலி என்று முடிவானால் மெனிஃபோல்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எடல்பிராக்

வைத்துவிட்டு மறந்துவிட நினைப்பவருக்கு 1406: 600 சிஎஃப்எம், எலெக்ட்ரிக் சோக். பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே கேஸ்கெட் கிடையாது, அதனால் கசிவு அரிது. மேலே இரண்டு சின்னத் திருகைத் தளர்த்தினால், ஜெட்டுக்குள் நின்று பெட்ரோலை அளக்கும் மீட்டரிங் ராட் வெளியே வரும், ஒரு சொட்டுப் பெட்ரோல் சிந்தாது. ஆனால் ஹோலியைப்போல நுணுக்கமாக இழுத்துத் திருத்த இடமில்லை. பெட்ரோல் பம்ப்பிலிருந்து 6.5 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் வந்தால் நீடில் தாங்காமல் வழியும், 5.5 நல்லது. சூடான இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் செய்ய மறுக்கிறதா? பவுலில் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்திருக்கிறது. அடியில் வெப்பம் கடத்தாத ஸ்பேசர் போடுங்கள். தொடக்கத் திணறலுக்கு பம்ப் கம்பியை கார்புரேட்டருக்கு அருகிலுள்ள ஓட்டைக்கு மாற்றினால் போதும்.

எலெக்ட்ரிக் சோக்கின் வயரை காயிலின் ப்ளஸ்ஸில் கொடுக்காதீர்கள். அங்கே வருவது ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாகக் குறைந்த வோல்ட். சோக் முழுக்கத் திறக்காது, கறும்புகை வரும்.

த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன்

ஹோலி ஸ்னைப்பர் போன்றவை கார்புரேட்டர் இடத்திலேயே உட்காரும். 5280 அடி உயர டென்வரிலும் கடல் மட்டத்திலும் ஒரே மாதிரி ஓட வேண்டும், தினமும் வண்டி வேண்டும் என்றால் இதற்கு ஈடில்லை. செலவு பெட்டியின் விலையோடு நிற்காது. 58 பிஎஸ்ஐ பம்ப், ரிட்டர்ன் லைன், தடுப்பு வைத்த புது டேங்க் எல்லாம் வேண்டும். பழைய டேங்கில் வளைவில் பெட்ரோல் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். 37 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போதாது. ஆக்சிஜன் சென்சருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தால், கம்ப்யூட்டர் கலவை மெலிந்துவிட்டதாக நினைத்து பெட்ரோலைக் கொட்டும். பவர் வயர் இரண்டும் நேராக பேட்டரிக்கே போக வேண்டும்.

எதைப் போட்டாலும் கியர்பாக்ஸ் கேபிளை மறக்காதீர்கள். காமரோவின் பழைய டிஎச்350 ஆட்டோமேட்டிக்கில் கேபிள் தவறினால் கிக்டவுன் (முழுசாக மிதித்ததும் கீழ் கியருக்கு இறங்குவது) மட்டும்தான் போகும். ஓவர்டிரைவுக்காக 700ஆர்4 கியர்பாக்ஸ் ஏற்றியிருந்தால் அந்தக் கேபிள்தான் உள்ளே ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. ஹோலியிலும் எடல்பிராக்கிலும் த்ராட்டில் கையின் கோணம் வேறு. திருத்தும் பிராக்கெட் மாட்டாமல் ஓட்டினால் கிளட்ச் தகடுகள் கருகிவிடும்.